வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கிய எல்லை

கென்டக்கி மாநிலத்தில் ஹாட்ஜன்வில் என்ற சிற்றூருக்குத் தெற்கே மூன்று மைலில் ஒரு பெரிய வெள்ளை ஓக் மரம் 1976 வரை நின்றது. பட்டுப்போனபோது அதற்கு இருநூறு வயதுக்குச் சற்றுக் குறைவு. பக்கத்திலேயே ஒரு சுனை. அதன் நீர் தரைமேல் ஓடாது. பாறைக் குழிக்குள் இறங்கி மண்ணுக்கடியில் போய்விடும். அதனால் அந்தப் பண்ணைக்கு சிங்கிங் ஸ்பிரிங், அதாவது உள்வாங்கும் சுனை என்று பெயர் வந்தது. 1805-இல் அந்த நிலத்தை அளந்தவர்கள் எல்லையை எழுதத் தொடங்கியது இந்த மரத்திலிருந்துதான். சுனைக்கு மேலே நிற்கும் பெரிய வெள்ளை ஓக் மரம் என்றுதான் ஆவணத்தில் இருக்கிறது. கல் கிடையாது, வேலி கிடையாது. மரம்தான் மூலைக்கல்.

1808 டிசம்பரில் தாமஸ் லிங்கன் என்ற தச்சர் 200 டாலர் ரொக்கம் கொடுத்து அந்த நிலத்தை வாங்கினார். ஏறத்தாழ 300 ஏக்கர். இரண்டே மாதத்தில், 1809 பிப்ரவரி 12 அன்று, அங்கிருந்த மரக்குடிலில் அவருடைய மகன் பிறந்தான். பெயர் ஆபிரகாம்.

ஆபிரகாம் லிங்கனைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அந்த மரக்குடிலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கோ குடிலைவிட அந்த மரம்தான் முக்கியமாகப் படுகிறது. இந்தக் குடும்பம் ஏன் ஒரு இடத்தில் வேர்விடவில்லை, ஏன் அந்தப் பையன் 22 வயது ஆவதற்குள் மூன்று மாநிலங்களில் வாழ்ந்துவிட்டான் என்பதற்கான விடை அந்த மரத்தடியில்தான் தொடங்குகிறது. எல்லைப்புறக் குடியேறிகள் என்றால் வண்டி கட்டிக்கொண்டு சாகசம் தேடிப் போனவர்கள் என்று ஒரு படம் நம் மனதில் இருக்கிறது. லிங்கன் குடும்பத்தை ஓடவைத்தது பெரும்பாலும் பத்திரம். வில்லங்கம் பிடித்த நிலத்தை வாங்கிவிட்டு நீதிமன்றத்துக்கு அலைந்த யாருக்கும் தாமஸ் லிங்கனின் நிலைமை சட்டென்று புரியும்.

இந்தக் குடும்பம் நகரத் தொடங்கியது வெகு காலத்துக்கு முன்பே. சாமுவேல் லிங்கன் என்ற இளைஞர் 1637-இல் இங்கிலாந்தின் நார்ஃபக் பகுதியிலிருந்து கப்பலேறி மாசசூசெட்ஸில் இறங்கினார். அவருடைய வழிவந்தவர்கள் நியூ ஜெர்சிக்குப் போனார்கள். அப்புறம் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் பகுதிக்கு. அங்கே பூன் குடும்பத்தோடு சம்பந்தம் கலந்தார்கள். பின்னாளில் கென்டக்கிக்குப் பாதை வெட்டிய டேனியல் பூன் அந்தக் குடும்பத்தவர்தான். 1768 வாக்கில் ஒரு கிளை வர்ஜீனியாவின் ஷெனந்தோவா பள்ளத்தாக்குக்கு இறங்கியது. அங்கே நல்ல நிலம், ஓரளவு வசதி. அந்தக் கிளையில் வந்த கேப்டன் ஆபிரகாம் லிங்கன்தான் நம் ஆபிரகாமின் தாத்தா. அவர் அதை விற்றுவிட்டு 1782 வாக்கில் குடும்பத்தோடு மலையைத் தாண்டி கென்டக்கிக்கு வந்தார். மேற்கே நிலம் மலிவு என்பதுதான் காரணம். தான் ஒருவர் பெயரிலேயே 5000 ஏக்கருக்கு மேல் உரிமை கோரி வைத்தார்.

1786 மே மாதம் ஒருநாள் அவர் மூன்று மகன்களோடு வயலில் வேலை செய்துகொண்டிருந்தார். காட்டு ஓரத்திலிருந்து பூர்வகுடி வீரர்கள் சுட்டார்கள். அவர் அங்கேயே விழுந்தார். மூத்தவன் மோர்டெகாய் குடிலுக்குத் துப்பாக்கி எடுக்க ஓடினான். நடுவிலான் ஜோசையா கோட்டைக்கு ஆள் கூப்பிட ஓடினான். கடைக்குட்டி தாமஸுக்கு எட்டு வயது. அப்பாவின் உடலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டான். ஒருவர் அவனை நெருங்கியபோது மோர்டெகாய் குடிலிலிருந்து குறிவைத்துச் சுட்டு வீழ்த்தினான். தன் நினைவில் மற்ற எல்லாக் கதைகளையும்விட ஆழமாகப் பதிந்தது இதுதான் என்று பேரன் ஆபிரகாம் 1854-இல் உறவினர் ஒருவருக்கு எழுதினார்.

துப்பாக்கிக் குண்டு தந்தையைக் கொண்டுபோனது. சொத்தைக் கொண்டுபோனது சட்டம். கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் முழுக்க மூத்த மகனுக்கே போகும் என்ற பழைய இங்கிலாந்து முறை அங்கே நடைமுறையில் இருந்தது. அதை மாற்றி, பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு என்ற சட்டத்தை வர்ஜீனியா ஏற்கெனவே நிறைவேற்றியிருந்தது. ஆனால் அது அமலுக்கு வந்தது 1787 ஜனவரி 1 அன்று. தந்தை இறந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த எட்டு மாத இடைவெளியில் தாமஸின் பங்கு போய்விட்டது. மோர்டெகாய் நிலச்சுவான்தார் ஆனார். தாமஸ், மகனே பின்னாளில் எழுதியபடி, படிப்பே இல்லாமல் கூலி வேலை செய்து அலையும் பையனாக வளர்ந்தார்.

ஆனாலும் அவர் சோம்பேறி இல்லை. தச்சு வேலை கற்றார். காசு சேர்த்தார். 1803-இல், 25 வயதில், கென்டக்கியின் ஹார்டின் மாவட்டத்தில் மில் க்ரீக் என்ற இடத்தில் 238 ஏக்கரை 118 பவுண்டுக்கு வாங்கினார். அதைத் தனி உழைப்பின் பெரிய வெற்றி என்றே சொல்ல வேண்டும். 1814-இல் அதே நிலத்தை விற்றபோது பத்திரத்தில் எழுதியது 200 ஏக்கர், கிடைத்தது 100 பவுண்டு. பழைய அளவையில் பிழை. 38 ஏக்கர் காகிதத்தில் மட்டும்தான் இருந்தது.

கென்டக்கியில் இது ஒருவருக்கு நேர்ந்த தனித் துரதிர்ஷ்டம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே நில உரிமை உருவான விதமே அப்படி. 1779-இல் வர்ஜீனியா ஒரு நிலச்சட்டம் கொண்டுவந்தது. கஜானாவில் 100 ஏக்கருக்கு 40 பவுண்டு கட்டினால் ஒரு உரிமைச்சீட்டு கிடைக்கும். போரால் மதிப்பிழந்த காகிதப் பணம் என்பதால் அந்த விலை உண்மையில் மிகக் குறைவு. அந்தச் சீட்டில் எந்த நிலம் என்று இருக்காது. வாங்கியவர் காட்டுக்குள் போய்த் தனக்குப் பிடித்த இடத்தைத் தானே தேர்ந்தெடுத்து, அதைப் பதிவேட்டில் எழுதச் செய்து, அப்புறம் அளக்க வைத்து, கடைசியில் பட்டா வாங்க வேண்டும். நான்கு படிகள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஆண்டுக்கணக்கில் காலம் ஓடும். அரசு முன்கூட்டியே எதையும் அளந்து பிரித்து வைக்கவில்லை. ஆகவே ஒருவர் குறித்த நிலத்தின் மேலேயே இன்னொருவர் குறிப்பார். அதன் மேல் மூன்றாமவர். கூரையில் ஓடு அடுக்கியதுபோல உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன.

அளந்த முறையும் அதற்கு ஏற்றாற்போல்தான் இருந்தது. சர்வேயர் திசைகாட்டியோடு நிற்பார். இரண்டு பேர் 66 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு புதருக்குள் போவார்கள். ஒருவர் கோடரியால் மரப்பட்டையைச் செதுக்கி அடையாளம் வைப்பார். ஓடை வளையும் இடம், இரட்டை மேப்பிள் மரம், பாறை, பிறகு மீண்டும் தொடங்கிய ஓக் மரம் என்று எல்லை சுற்றி வரும். சங்கிலி சரிவில் தொய்ந்தால் அளவு மாறும். மரம் விழுந்தால் மூலை போகும். ஓடை வெள்ளத்தில் திசை மாறினால் எல்லையே நகரும். இந்தக் குழப்பத்தில் வாழ்ந்தவர்கள் வக்கீல்கள் மட்டுமே என்றால் மிகையாகாது. கென்டக்கிக்கு வழிகாட்டிய டேனியல் பூனே பல ஆயிரம் ஏக்கருக்கு உரிமை கோரி, வழக்குகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் இழந்து, 1799-இல் மிசூரிக்குப் போய்விட்டார். பூன் தானே நிலம் அளந்தவர். அவருக்கே அந்தக் கதி.

தாமஸுக்கு இரண்டாவது அடி சிங்கிங் ஸ்பிரிங் பண்ணையில் விழுந்தது. அவர் விற்றவரிடம் முறையாகப் பணம் கொடுத்துதான் வாங்கினார். ஆனால் அவருக்கு முன்னால் இரண்டு கை மாறிய நிலம் அது. முதல் சொந்தக்காரருக்கு வரவேண்டிய பாக்கி ஒன்று தீரவில்லை. 1813-இல் அந்த முதல் சொந்தக்காரர் வழக்குப் போட்டார். பாக்கி வைத்தவர் வேறு யாரோ. நிலத்தை இழந்தவர் தாமஸ். 1816-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது.

அதற்குள் குடும்பம் பத்து மைல் தள்ளி நாப் க்ரீக் ஓடைக்கரையில் வாழ்ந்துகொண்டிருந்தது. 1811-இல் அங்கே 230 ஏக்கர் பண்ணையில் 30 ஏக்கரை மட்டும் குத்தகைக்கு எடுத்திருந்தார் தாமஸ். செங்குத்தான குன்றுகளுக்கு நடுவே நல்ல வண்டல் மண். லிங்கனின் முதல் நினைவுகள் இந்த இடத்தைப் பற்றியவை. ஜனாதிபதியாக இருந்தபோது அவர் ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை மற்றவர்கள் பெரிய வயலில் சோளம் ஊன்ற, அவர் பின்னாலேயே போய்ப் பூசணி விதை போட்டார். ஒன்றுவிட்டு ஒரு வரிசையில், ஒன்றுவிட்டு ஒரு குழியில், இரண்டிரண்டு விதை. மறுநாள் குன்றுகளின் மேலே பெருமழை. பள்ளத்தாக்கில் ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் மேலிருந்து இறங்கிய வெள்ளம் மண், சோளம், பூசணி விதை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. ஐந்து, ஆறு வயதில் நடந்ததை ஐம்பது வயதிலும் வரிசை மாறாமல் சொல்ல முடிந்தது அவருக்கு. அந்தப் பள்ளத்தாக்கில்தான் கைக்குழந்தையாக இறந்த அவருடைய தம்பியையும் புதைத்தார்கள்.

அங்கேயும் வழக்கு வந்தது. ஃபிலடெல்ஃபியாவில் இருந்த வாரிசுகள் சிலர், அந்தப் பகுதி முழுக்க 10,000 ஏக்கர் எங்கள் சொத்து என்று சொல்லி, அங்கே குடியிருந்த பத்துக் குடும்பங்களை வெளியேற்ற வழக்குப் போட்டார்கள். அதில் முதலில் விசாரிக்க எடுத்துக்கொண்டது தாமஸின் வழக்கை. 1818-இல் தாமஸ் அதில் ஜெயித்தார்! ஆனால் தீர்ப்பு வந்தபோது அவர் ஊரில் இல்லை. இரண்டு ஆண்டுக்கு முன்பே ஒஹையோ நதியைக் கடந்து போய்விட்டிருந்தார்.

1860-இல் தேர்தலுக்காகத் தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதிக்கொடுத்த லிங்கன் இந்த இடப்பெயர்ச்சிக்கு இரண்டு காரணம் சொன்னார். அடிமை முறை ஓரளவுக்குக் காரணம். முக்கியக் காரணம் கென்டக்கியில் நிலப்பத்திரங்களில் இருந்த சிக்கல் என்றார். அடிமை முறைக்கு எதிரான கட்சியின் வேட்பாளராக நின்ற நேரத்தில், அடிமை முறைதான் முழுக் காரணம் என்று எழுதியிருந்தால் அவருக்கு லாபம். அப்படி எழுதவில்லை என்பதால் அந்த வரியை நான் நம்புகிறேன். இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவையும் இல்லை. தாமஸும் அவர் மனைவி நான்சியும் சேர்ந்திருந்த பாப்டிஸ்ட் சபை அடிமை முறையை எதிர்த்தது. கூலிக்குத் தச்சு வேலை செய்து பிழைக்கும் ஒருவர், கூலியே கொடுக்காமல் வேலை வாங்கும் பண்ணைகளோடு போட்டி போடவும் முடியாது. நதிக்கு வடக்கே அடிமை முறைக்குத் தடை இருந்தது. 1787-இன் வடமேற்குப் பிரதேசச் சட்டம் அதை எழுதி வைத்திருந்தது.

வடக்கே இன்னொன்றும் இருந்தது. அளந்த நிலம். 1785-இல் புதிய அமெரிக்க அரசு வேறு முறைக்கு மாறியிருந்தது. முதலில் அரசே அளக்கும், பிறகுதான் விற்கும். ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் 36 கட்டங்கள். ஒரு கட்டம் 640 ஏக்கர், அதில் கால் பங்கு 160 ஏக்கர். ஓடை எங்கே வளைந்தாலும் கோடு நேராகத்தான் போகும். மலையும் சதுப்பும் கலந்த நாட்டில் சதுரங்கப் பலகை போட்டதுபோல இது பார்வைக்குச் செயற்கையாக இருக்கலாம். ஆனால் மூன்று பண்ணைகளில் அடிபட்ட ஒரு மனிதருக்கு அந்த நேர்கோடு எவ்வளவு பெரிய நிம்மதி என்று நினைத்துப் பாருங்கள். விற்பவர் அரசு, முந்தைய சொந்தக்காரர், பாக்கி, வாரிசு என்ற பேச்சே இல்லை.

முந்தைய சொந்தக்காரர் இல்லை என்று எழுதிவிட்டேன். அது அரசின் பதிவேட்டுக் கணக்கு. நிலம் காலியாக இருக்கவில்லை. தெற்கு இண்டியானாவில் லிங்கன் குடும்பம் போய்ச் சேர்ந்த அந்தப் பகுதியை 1804-இல் லெனாபே, பியங்கஷா மக்களிடமிருந்து ஒப்பந்தங்கள் மூலம் அரசு வாங்கியிருந்தது. வெள்ளையர் டெலவேர் என்று அழைத்தது லெனாபேக்களைத்தான். இந்த இரண்டு வழித்தடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றது. லெனாபேக்களின் பூர்வீகம் நியூ ஜெர்சியும் கிழக்குப் பென்சில்வேனியாவும். லிங்கனின் முன்னோர்கள் குடியேறியதும் அங்கேதான். லெனாபேக்கள் அங்கிருந்து மேற்குப் பென்சில்வேனியாவுக்கும், ஒஹையோவுக்கும், பிறகு இண்டியானாவின் ஒயிட் ரிவர் கரைக்கும் தள்ளப்பட்டார்கள். பின்னால் வந்த குடும்பம் வண்டியில் வந்தது. முன்னால் போனவர்கள் தள்ளப்பட்டுப் போனார்கள். தெக்கும்சே என்ற ஷானி தலைவர் நிலத்தைத் தனித்தனியாக விற்க யாருக்கும் உரிமை இல்லை என்று பல இனங்களைத் திரட்டிப் போராடினார். 1813-இல் போரில் இறந்தார். அதன் பிறகுதான் இண்டியானாவுக்கு வண்டிகள் வரிசை கட்டின. லிங்கன் குடும்பத்தின் வண்டியும் அதில் ஒன்று.

1816 இலையுதிர்காலத்தில் தாமஸ் தனியாகப் போய் இடம் பார்த்தார். லிட்டில் பிஜன் க்ரீக் என்ற ஓடைக்கு அருகில், நதியிலிருந்து சுமார் 16 மைல் உள்ளே. டிசம்பரில் குடும்பத்தைக் கூட்டிவந்தார். நான்சி, ஒன்பது வயது மகள் சாரா, ஏழு வயது ஆபிரகாம். ஒஹையோ நதியைப் பரிசலில் கடந்தார்கள். அதே மாதம் 11-ஆம் தேதிதான் இண்டியானா மாநிலமாகியிருந்தது. கடைசிச் சில மைல்களில் பாதையே இல்லை. புதரையும் காட்டுத் திராட்சைக் கொடியையும் வெட்டிக்கொண்டேதான் போக வேண்டியிருந்தது. கரடிகளும் மற்றக் காட்டு விலங்குகளும் இன்னும் இருந்த காடு அது என்று லிங்கன் எழுதினார். வயதுக்கு மீறிய வளர்த்தி அவருக்கு. வந்த உடனேயே கையில் கோடரியைக் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து 22 வயது முடியும் வரை அந்தக் கோடரியை ஏறக்குறைய கீழே வைக்கவில்லை என்கிறார்.

காட்டை நிலமாக்குவது எப்படி என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவு பெரிய மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்க்க ஒரு குடும்பத்தால் முடியாது. சுற்றிலும் பட்டையை வளையமாக உரித்து விட்டுவிடுவார்கள். மரம் நின்றபடியே சாகும். இலை உதிர்ந்து வெயில் தரைக்கு வந்ததும், செத்த மரங்களுக்கு நடுவே மண்ணைக் கிளறிச் சோளம் ஊன்றுவார்கள். பன்றிகளைக் காட்டுக்குள் அவிழ்த்துவிட்டால் ஓக் கொட்டைகளைத் தின்று கொழுக்கும். மாடுகளையும் அப்படித்தான் விட்டார்கள். மேய்ச்சல் நிலம் என்று தனியாக உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

எட்டாவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்னால், அப்பா வீட்டில் இல்லாத நேரம், காட்டு வான்கோழிக் கூட்டம் ஒன்று குடிலை நோக்கி வந்தது. ஆபிரகாம் உள்ளேயே நின்று, மரக்கட்டைகளுக்கு இடையில் இருந்த விரிசல் வழியாகச் சுட்டான். ஒன்று விழுந்தது. அதைவிடப் பெரிய எந்த விலங்கையும் அதற்குப் பிறகு சுட்டதில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். வேட்டையாடித்தான் சாப்பாடு என்ற இடத்தில் வளர்ந்த பையன் அப்படி இருந்தது சாதாரண விஷயம் இல்லை.

1817 அக்டோபர் 15 அன்று தாமஸ் வின்சென்ஸ் நில அலுவலகத்துக்குப் போய் 160 ஏக்கரைத் தன் பெயரில் பதிவு செய்தார். ஏக்கர் 2 டாலர், மொத்தம் 320. முதலில் 16 டாலர் கட்டினார். டிசம்பரில் 64 டாலர். ஆக, கால் பங்கு முடிந்தது. மீதிக்குத் தவணை. வாழ்க்கையில் முதல்முறையாக யாரும் கேள்வி கேட்க முடியாத எல்லைக்குள் அவர் நின்றார்.

மறு ஆண்டே அந்த நிலம் அவர் மனைவியைக் கொன்றது. அங்கே காட்டு நிழலில் வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு செடி உண்டு, ஸ்னேக்ரூட் என்பார்கள். கோடையின் கடைசியில் புல் காய்ந்த பிறகும் அது பச்சையாக நிற்கும். மேய வேறு எதுவும் கிடைக்காத மாடு அதைத் தின்னும். அதிலுள்ள ட்ரெமெடால் என்ற நச்சு பாலில் இறங்கும். பால் குடித்த மனிதருக்கு வாந்தி, வயிற்று வலி, எழுந்து நிற்க முடியாத சோர்வு, கடைசியில் மயக்கம். பல நேரம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பால் நோய் என்று பெயர் வைத்திருந்தார்கள். பாலில்தான் ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரியும். எந்தச் செடி என்று தெரியாது. 1830-களில் இல்லினாயில் வாழ்ந்த அன்னா பிக்ஸ்பி என்ற மருத்துவச்சிக்கு ஒரு ஷானிப் பெண் அந்தச் செடியைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. அறிவியல் அதை உறுதிசெய்தது 1920-களில். ஏறத்தாழ நூறு ஆண்டுத் தாமதம்.

1818 செப்டம்பரில், பக்கத்தில் குடியேறியிருந்த நான்சியின் சித்தியும் சித்தப்பாவும் இறந்தார்கள். அக்டோபர் 5 அன்று நான்சி இறந்தார். முப்பத்தைந்து வயதுகூட ஆகியிருக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். தாமஸ் சவப்பெட்டிக்குப் பலகை அறுத்தார். ஆணிக்குப் பதிலாக மரமுளைகளை ஒன்பது வயது மகன் சீவிக்கொடுத்தான் என்று உறவினர் டென்னிஸ் ஹாங்க்ஸ் பின்னாளில் சொன்னார். இரண்டே நாளுக்கு முன்னால், அக்டோபர் 3 அன்று, ஒஹையோவின் செயின்ட் மேரிஸில் லெனாபேக்கள் இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். மூன்று ஆண்டுக்குள் இண்டியானாவை விட்டே போய்விட வேண்டும் என்பது அதன் சாரம். அவர்கள் மிசூரிக்கும், பிறகு கன்சாஸுக்கும், கடைசியில் இன்றைய ஒக்லஹோமாவுக்கும் போனார்கள்.

தாய் இல்லாத அந்தக் குடிலில் 11 வயது சாரா சமைத்தாள். ஓராண்டுக்கு மேல் அப்படி ஓடியது. 1819 டிசம்பரில் தாமஸ் கென்டக்கிக்குப் போய், தனக்கு முன்பே தெரிந்த சாரா புஷ் ஜான்ஸ்டன் என்ற கைம்பெண்ணை மணம் செய்து, அவருடைய மூன்று பிள்ளைகளோடு நான்கு குதிரை பூட்டிய வண்டியில் கூட்டிவந்தார். வண்டியில் வால்நட் மரப் பெட்டி, நாற்காலி, படுக்கை, பாத்திரம், சில புத்தகம். அந்த அம்மாள் வந்ததும் முதல் வேலையாக மண்தரைக்குப் பலகை போடச் சொன்னார். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, நல்ல துணி போட்டுவிட்டார். சிற்றன்னை என்ற சொல்லோடு நம் மனதில் ஒட்டியிருக்கும் எதுவும் இவருக்குப் பொருந்தாது. படிக்க நினைத்த பையனைப் படிக்க விட்டவர் இவர்தான்.

எல்லைப்புறத்தில் யாரும் தனியாகப் பிழைக்கவில்லை என்பதை இந்த வீட்டைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். பால் நோயில் ஆதரவை இழந்த டென்னிஸ் ஹாங்க்ஸ் இவர்களோடு வந்து சேர்ந்தார், நான்சியின் உறவினர். பின்னர் சாரா புஷ்ஷின் மூத்த மகளையே மணந்துகொண்டார். முதல் மனைவி வழி உறவு இரண்டாம் மனைவிக்கு மருமகன். வேலி போட, வீடு தூக்க, பிரசவம் பார்க்க, பிணம் புதைக்க என்று எல்லாவற்றுக்கும் இந்தக் கூட்டம்தான். ஒரு குடும்பம் நகர்ந்தால் பங்காளி, சம்பந்தி எல்லோரும் சேர்ந்தே நகர்ந்தார்கள்.

நிலத்தவணை மட்டும் நெருக்கிக்கொண்டே இருந்தது. 1819-இல் நாடு முழுக்கப் பொருளாதாரம் சரிந்தது. கடனில் நிலம் வாங்கிய ஆயிரக்கணக்கானவர்களால் கட்ட முடியவில்லை. அரசு 1820-இல் தவணை முறையையே நிறுத்தியது, ஏக்கர் விலையை 1.25 டாலராகக் குறைத்தது. பழைய கடன்காரர்கள் பாதி நிலத்தைத் திருப்பிக் கொடுத்து மீதியைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்றும் வழிவிட்டது. 1827-இல் தாமஸ் அதைத்தான் செய்தார். கிழக்குப் பாதியை விட்டுக்கொடுத்தார். மேற்கே 80 ஏக்கருக்குப் பட்டா வந்தது. பத்து ஆண்டு உழைப்பில் பாதி நிலம். ஆனால் முழு உரிமை. அடுத்த ஜனவரியில் மகள் சாரா பிரசவத்தில் இறந்தாள். அவளுக்கு 20 வயது.

இவ்வளவு பாடுபட்டு வாங்கிய பட்டாவை மூன்றே ஆண்டில் ஏன் விற்றார்? 1829-இல் பால் நோய் திரும்ப வருகிறது என்ற பயம் பரவியது. ஏற்கெனவே இல்லினாய்க்குப் போயிருந்த உறவினர் ஜான் ஹாங்க்ஸ் அங்கே மண் நல்ல மண், மரம் வெட்டவே வேண்டாத புல்வெளி என்று சொல்லி அனுப்பினார். டென்னிஸ் முதலில் கிளம்பத் தயாரானார். மகளைப் பிரிய சாரா புஷ்ஷுக்கு மனமில்லை. சரி, எல்லோரும் போவோம் என்று முடிவானது. 80 ஏக்கரை 125 டாலருக்கு விற்றார்கள். பன்றிகளையும் சோளத்தையும் விற்றார்கள். 1830 மார்ச்சில் 13 பேர், மாட்டு வண்டிகள். ஒரு வண்டியை ஓட்டியது 21 வயது ஆபிரகாம். 200 மைலுக்கு மேல், இரண்டு வாரப் பயணம். பனி உருகும் காலம் என்பதால் பகலில் சேறு, இரவில் உறைந்த தடம். மேகன் மாவட்டத்தில், டெகேட்டருக்கு மேற்கே சாங்கமன் நதிக்கரையில் இறங்கிக் குடில் போட்டு, பத்து ஏக்கரைச் சுற்றி வேலி அடிக்கக் கட்டை பிளந்தார்கள். அந்த வேலிக்கட்டைகள் என்று சொல்லித்தான் முப்பது ஆண்டு கழித்து லிங்கனின் தேர்தல் பிரசாரத்தில் கட்டைகளைக் காட்டினார்கள்.

அந்த இலையுதிர்காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் குளிர்காய்ச்சல். அதைத் தொடர்ந்து வந்த குளிர்காலம் இல்லினாயில் பேர்போனது. பெரும்பனிக் காலம் என்றே அதைச் சொன்னார்கள். வெறுத்துப்போன தாமஸ் இண்டியானாவுக்கே திரும்பக் கிளம்பி, வழியில் கோல்ஸ் மாவட்டத்தில் தங்கிவிட்டார். மகன் அவரோடு போகவில்லை. 1831-இல் நியூ சேலம் என்ற சிற்றூருக்குத் தனியாகப் போனார்.

அங்கே அவர் கைக்கு வந்த வேலைகளில் ஒன்று நில அளவை. 1833-இல் மாவட்டத் துணை சர்வேயர் ஆனார். திசைகாட்டியும் சங்கிலியும் வாங்கி, இரண்டு பாடநூல்களைக் கொஞ்சம் படித்துவிட்டு இறங்கிவிட்டதாக எழுதுகிறார். பழைய கடனுக்காக அந்தக் கருவிகளும் குதிரையும் ஏலத்துக்குப் போனபோது, நண்பர் ஒருவர் அவற்றை ஏலத்தில் எடுத்து அவரிடமே கொடுத்தார். 1836-இல் பீட்டர்ஸ்பர்க் ஊரை அளந்து மனை பிரித்தது அவர்தான். 38 ஏக்கர் காணாமல் போன ஒரு குடும்பத்தின் பையன், அடுத்தவர் நிலத்துக்குச் சரியான மூலை வைத்துக் கொடுத்தான். இந்தக் குடும்பத்தின் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

அப்புறம் வக்கீல் ஆனார். 1841-இல் தந்தைக்குப் பணமுடை வந்தபோது 200 டாலர் கொடுத்து 40 ஏக்கரைத் தன் பெயரில் எழுதி வாங்கினார். பெற்றோர் இருவரும் உயிரோடு இருக்கும்வரை அதை அனுபவிக்கலாம் என்பது ஏற்பாடு. கடன்காரரோ வாரிசோ யாரும் கைவைக்க முடியாதபடி எழுதிய பத்திரம். தாமஸின் கடைசிக் காலத்தில் அவரிடமிருந்து யாரும் பிடுங்க முடியாதபடி இருந்தது மகன் பெயரில் இருந்த இந்த நாற்பது.

1851 ஜனவரியில் தாமஸ் இறந்தார். தந்தைக்கும் மகனுக்கும் இடையில் நெருக்கம் இருக்கவில்லை. லிங்கன் இறுதிச்சடங்குக்குப் போகவில்லை. அதே ஆண்டு நவம்பரில், சாரா புஷ்ஷின் மகன் ஜான், நிலத்தை விற்றுவிட்டு மிசூரிக்குப் போகப் போகிறேன் என்று கிளம்பினான். லிங்கன் அவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மிசூரியில் இங்கே இல்லாதது என்ன இருக்கிறது? அங்கே மண் இதைவிட வளமா? உழைக்காமல் அங்கே மட்டும் சோளமும் கோதுமையும் விளையுமா? இடம்விட்டு இடம் ஊர்ந்துகொண்டிருப்பதால் எந்த நன்மையும் வராது. வேலை செய்ய நினைத்தால் நீ இருக்கிற இடத்தைவிட நல்ல இடம் கிடையாது. கிழக்கே உள்ள நாற்பது ஏக்கரை அம்மா உயிரோடு இருக்கும்வரை அவருக்காக வைத்திருக்கப் போகிறேன்.

1637 முதல் ஊர் ஊராக நகர்ந்துகொண்டே வந்த குடும்பத்தில் பிறந்தவர் எழுதிய வரிகள் இவை. 1862-இல் இதே மனிதர் ஜனாதிபதியாக ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐந்து ஆண்டு குடியிருந்து உழுதால் சிறு கட்டணத்துக்கு நிலம் சொந்தம். அதில் குறித்த அளவு 160 ஏக்கர். வின்சென்ஸில் அவர் தந்தை பதிவு செய்து, பாதியைத் திருப்பிக் கொடுத்த அதே அளவு. மேற்கே அந்த 160 ஏக்கர்கள் யாரிடமிருந்து வந்தன என்ற கேள்வி லெனாபேக்களின் வழித்தடத்தைப் போலவே நீண்டது.

கோல்ஸ் மாவட்டத்தில் சிற்றன்னை சாரா புஷ் 1869 வரை வாழ்ந்தார். 1861 ஜனவரிக் கடைசியில், வாஷிங்டனுக்குப் புறப்படும் முன், மகன் அவரைப் பார்க்க வந்தார். தந்தையின் கல்லறைக்கும் போனார்.